மேலவீட்டு வளைவில் ஒரு சுமைதாங்கி

ரசலையன் நாகா மலையில் கட்டிய முதல் சுமைதாங்கியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

1927இல் நடந்தது அது. கொஹிமாவுக்கு மேலே, கோவேறு கழுதைகள் போகும் மலைப்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் அவர் மேஸ்திரி. சொந்த ஊர் திங்கள்சந்தைக்குப் பக்கம். மதராஸ் சாப்பர் பட்டாளத்தில் பாலமும் பாதையும் பழகியவர். பட்டாளத்தில் ஆள் குறைத்தபோது இந்த வேலைக்கு வந்தார். மனைவி தங்கபாயும் சின்னப் பிள்ளை ஜெயபாயும் ஊரில் இருந்தார்கள்.

பாதையில் ஒரு செங்குத்து ஏற்றம். அதிகாரிகளின் கூடாரத்தையும் பெட்டிகளையும் சுமந்து வரும் ஆட்கள் அங்கே வந்ததும் மூச்சு வாங்க நிற்பார்கள். ரசலையனுக்கு ஊர் ஞாபகம் வந்தது. ஊரில் என்றால் இப்படி ஓர் இடத்தில் சுமைதாங்கி நிற்கும். இரண்டு கல்தூண், மேலே குறுக்கே ஒரு கல்பாளம். ஆளின் தலைமட்டத்துக்கு நிற்கும். சுமையை இறக்கவும் ஏற்றவும் இன்னொருவர் கை வேண்டாம். தலையிலிருந்து அப்படியே பாளத்தின்மேல் தள்ளிவிடலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் பேரில் அதை வைப்பார்கள். அவள் இறக்கிவைக்காமல் போன பாரத்துக்காக, வழியில் போகிற மற்றவர்கள் பாரம் இறக்கட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வேலை செய்து ஒன்றைக் கட்டி முடித்தார். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். தூண்கள் நேராக நின்றன.

மறுநாள் சுமைகாரர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். சிரித்தார்கள். போய்விட்டார்கள்.

அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது. தினமும் கண்ணால் பார்த்ததுதான். அவர்கள் யாரும் தலையில் சுமக்கிறவர்கள் இல்லை. கூடை முதுகில் இருக்கும். பிரம்புப் பட்டை நெற்றியைச் சுற்றி வரும். அந்தக் கூடையைத் தலைமட்டத்துப் பாளத்தில் வைக்க வேண்டுமானால், இறக்கி, மறுபடி தூக்கித்தான் வைக்க வேண்டும்.

"மேஸ்திரி, கதவு இருக்கு. வீடு எங்கே?" என்று கேட்டான் நெய்சேலி. பக்கத்து அங்காமி ஊர்க்காரன். ஜெர்மன் சண்டையின்போது கூலிப்படையோடு பிரான்சு வரைக்கும் போய் வந்தவன். இருவரும் பேசிக்கொண்டது உடைந்த இந்துஸ்தானியில்.

ரசலையன் விளக்கினார். நெய்சேலி பொறுமையாகக் கேட்டான்.

"சரி, சுமையை மேலே வெச்சாச்சு. ஆள் என்ன செய்வான்?"

"நிப்பான்."

"ஏன் நிக்கணும்?"

அப்படி ஒரு கேள்வியை அவர் ஊரில் யாரும் கேட்டதில்லை.

"சுமை உட்காருது. ஆள் நிக்கிறான்," என்றான் நெய்சேலி. "நல்ல ஊர்தான்."

அடுத்த நாள் அவனும் அவனோடு சிலரும் சேர்ந்து பாளத்தை இறக்கித் தாழ வைத்தார்கள். இப்போது ஆள் உட்கார்ந்தால் கூடையின் அடியும் பின்னால் மண்திட்டில் தங்கியது. நெய்சேலி அவரைத் தன் ஊர்வாசலுக்கு அழைத்துப்போனான். அங்கே பாதையோரம் கல் அடுக்கி ஒரு இருக்கை. செத்துப்போன அப்பன் பேரில் அவன் வைத்தது. வயலுக்குப் போகிறவர்கள், விறகோடு வருகிறவர்கள், யாராக இருந்தாலும் உட்காரலாம். உட்கார்ந்தவர்கள் அப்பனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார்கள். அதுவே அவனுக்குப் போதும்.

ரசலையனுக்கு அன்றிலிருந்து அந்த ஊரில் இடம் கிடைத்தது. சமைத்ததில் பங்கு வந்தது. ஆனாலும் காலையில் பாதையில் நின்று தலை எண்ணுவது அவர் வேலைதான். ஒவ்வோர் ஊரும் முறை வைத்துச் சுமைகாரர்களை அனுப்ப வேண்டும். கூலி உண்டு. மாட்டேன் என்று சொல்லும் வசதி மட்டும் கிடையாது. அறுப்புக் காலமாக இருந்தாலும், வீட்டில் பிணம் கிடந்தாலும் முறை வந்தால் வர வேண்டும். ஒரு தலை குறைந்தால் ரசலையன் மேலே சொல்ல வேண்டும். சொன்னார். அது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. எண்ணிக்கை சரியாக இருப்பது நல்ல வேலைக்கு அடையாளம் என்றே பட்டாளத்தில் படித்திருந்தார்.

1929 சனவரியில் கொஹிமாவுக்கு லண்டனிலிருந்து கமிஷன் வந்தது. இந்தியாவை இனி எப்படி ஆள்வது என்று விசாரிக்க வந்த கமிஷன். நாகர்களின் சங்கமான நாகா கிளப்பைச் சேர்ந்தவர்கள் ஒரு மனு கொடுத்தார்கள். நெய்சேலி கையெழுத்துப் போடும் ஆள் இல்லை. ஆனால் கூட்டத்தோடு போய் நின்றிருந்தான். திரும்பி வரும் வழியில், தாழ வைத்த அந்தக் கல்லில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"என்ன கேட்டீங்க?" என்றார் ரசலையன்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? வெள்ளைக்காரங்ககிட்ட சொன்னோம்: நீங்க வர்றதுக்கு முன்னால நாங்க எங்களை நாங்களே பாத்துக்கிட்டோம். நீங்க போறப்போ எங்களை அப்படியே விட்டுட்டுப் போங்க. எங்களுக்கு என்ன வேணும்னு நாங்க பாத்துக்குறோம். வேற யார் கையிலயும் குடுத்துட்டுப் போகாதீங்க. அதான்."

"வெள்ளைக்காரன் போனா எங்க ஆளுக வருவாங்க. அது நல்லதுதானே?"

"உங்க ஆளுன்னா யாரு?"

"நான்தான்னு வெச்சுக்கோ."

நெய்சேலி அவர் தோளில் கை வைத்தான். "நீ நல்லவன், மேஸ்திரி. ஆனா காலையில என் தலையை எண்ணுறதும் நீதான்."

ரசலையன் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமும் அந்தப் பேச்சுக்குச் சமாதானம் சொன்னதில்லை. அந்த வாக்கியத்தை அப்படியே ஊருக்குக் கொண்டுவந்தார்.

ஊருக்கு வரக் காரணம் ஒரு தந்தி. அந்த மார்ச்சில் தங்கபாய் இறந்தாள். முந்தின ஆவணியில் அவர் லீவில் வந்துபோயிருந்தார்; வயிற்றில் ஏழு மாதம்.

ரயில் மாறி மாறி அவர் வந்து சேர்ந்தபோது கல்லறையில் புல் முளைத்திருந்தது. நடந்ததைச் சொன்னவள் பூங்கனி. அடுத்த வீட்டுக்காரி. குளச்சலில் மீன் எடுத்துத் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுபோகிறவள். தங்கபாய் தேங்காய் நிறைந்த ஓலைக் கடவத்தைச் சுமந்துகொண்டு அவளோடுதான் நடந்திருக்கிறாள்.

சந்தைக்குப் போகும் சாலை மேலவீட்டு மதிலை ஒட்டி வளைந்து ஏறும். மேலவீடு என்றால் அந்தப் பக்கத்து வயலெல்லாம் சொந்தமாக உள்ள வீடு. அந்த வளைவில் வீட்டு வாசல். வாசலில் காரியக்காரர் தாணுமாலயன் நிற்பார். மேலவீட்டு வரவு செலவு, ஆள் ஏவல் எல்லாம் அவர் கையில். வளைவு முடியும்வரை சுமைகாரர் யாரும் உட்காரக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. யாரும் உட்கார்ந்ததில்லை.

"பூங்கனியக்கா, கொஞ்ச நேரம் இருக்கட்டான்னு கேட்டா," என்றாள் பூங்கனி. "நான்தான் அண்ணே சொன்னேன். வேண்டாம் மக்கா, காரியக்காரரு நிக்காரு, வளைவு கழியட்டும், வாய்க்காலுக்க கரையில இருக்கலாம்னு. மதிலைப் பிடிச்சிட்டு நடந்தா. வாய்க்கால் வரைக்கும் வரல்ல."

கட்டிலில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ரசலையன் நாகா மலைக்குத் திரும்பவில்லை. ஊரில் சாலை வேலையில் சேர்ந்தார். தங்கபாய் பேரில் சுமைதாங்கி வைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கிறிஸ்தவர்களுக்கு இது எதற்கு என்று சபையில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஆனால் யாரும் தடுக்கவில்லை. வாய்க்கால் கரையில் நல்ல நிழல் இருக்கிறது என்று இடமும் காட்டினார்கள்.

அவர் வளைவில்தான் வைப்பேன் என்றார்.

கல் கொண்டுவரக் குளச்சல் செய்யது அலி வண்டி கொடுத்தார். கருவாட்டு வியாபாரி. ரசலையனுக்குச் சின்ன வயதுக் கூட்டாளி.

"கல்லுல கருவாட்டு மணம் அடிச்சா எனக்கத் தலையில போடப்பிடாது, கேட்டியா?" என்றார்.

"அடிக்கட்டும். அவளுக்குக் கருவாடுன்னா உசிரு."

செய்யது அலி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். மாட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தூண்களை நட்டு மேல்பாளம் ஏற்றும்வரை காரியக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புண்ணியக் காரியம் என்று தலைகூட ஆட்டினார். தூண்களுக்கு நடுவே, முழங்கால் மட்டத்தில் ரசலையன் இன்னொரு பாளத்தைப் பொருத்தத் தொடங்கியபோதுதான் இறங்கி வந்தார்.

"இது என்னத்துக்கு ஓய்?"

"இருக்கதுக்கு."

"ஆரு இருக்கதுக்கு?"

"சுமக்கவிய."

"கொள்ளாமே! எசமான் வில்லுவண்டியில வரும்போ இவளுவ வாசலுக்கு நேரே காலை நீட்டிட்டு இருப்பாளுவளோ?"

"காலை நீட்டணும்னு நிர்பந்தம் இல்ல, காரியக்காரரே. மடக்கியும் இருக்கலாம்."

காரியக்காரர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். மற்றவர்கள் அவரை 'ஏமானே' என்றுதான் கூப்பிடுவார்கள். ரசலையனும் பட்டாளத்துக்குப் போகும் முன்பு அப்படித்தான் கூப்பிட்டவர்.

"சாமான் இருக்கட்டும். ஆளு இருக்க வேண்டாம். எசமான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"ரோடு சர்க்கார் ரோடு. நான் ஒண்ணும் தரச் சொல்லல்லியே. விட்டாப் போதும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரசலையன் ஆராதனை முடிந்து வந்தபோது தாழ்ந்த பாளம் இல்லை. மேல்பாளமும் தூண்களும் அப்படியே நின்றன. பாளம் வாய்க்காலில் கிடந்தது. செய்யது அலியின் மாடுகள் இழுக்க, வடம் கட்டி அதை வெளியே எடுத்தார்கள். ஓரம் உடைந்திருந்தது. உடைந்த ஓரம் மதில் பக்கம் வரும்படி மறுபடியும் பொருத்தினார். இந்த முறை அடியில் கருங்கல் சில்லும் சுண்ணாம்பும் போட்டு இறுக்கினார். இனி எடுக்க வேண்டுமானால் தூணையே இடிக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளின் தூணை இடிக்க அந்தப் பக்கத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

ஆனால் யாரும் அதில் உட்காரவில்லை.

ரசலையன் நினைத்திராத தோல்வி இது. திங்கட்கிழமை சந்தை நாள். விடிந்ததும் சுமைகள் வரத் தொடங்கும். மீன், தேங்காய், கருப்பட்டி, வைக்கோல். மேல்பாளத்தில் சுமையைத் தள்ளுவார்கள். கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். தாழ்ந்த பாளத்தைப் பார்க்காததுபோல் வேறெங்காவது பார்ப்பார்கள். ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

"நம்ம ஆளுவளுக்கு இருக்கத் தெரியல்ல, மக்கா," என்றார் செய்யது அலி. "நீதான் சொல்லிக் குடுக்கணும். ரெண்டு பேரைப் பிடிச்சு இருத்திப் பாரு."

"பிடிச்சு இருத்தினா அதுவும் ஒரு முறைக்கூலிதான்."

செய்யது அலிக்கு அது விளங்கவில்லை. தலை எண்ணிய காலைகள் ரசலையன் மனதில் இருந்தன. உட்கார் என்று தான் ஏவி ஒருத்தி உட்கார்ந்தால் தங்கபாய்க்கு அதில் என்ன ஆறுதல்?

அதனால் அவர் மட்டும் உட்கார்ந்தார். சந்தை நாள் காலையில் வேலைக்குப் போகும் முன் அங்கே போய், பாளத்தின் ஒரு பக்கமாக ஒதுங்கி இருப்பார். மறுபக்கம் காலியாக இருக்கும். யாரையும் கூப்பிட மாட்டார். மேலவீட்டு வில்லுவண்டி போகும்போது எழுந்திருக்க மாட்டார். வண்டிக்குள் இருந்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

மழைக்காலம் வந்தது. பேச்சிப்பாறை அணைப்பக்கத்து வேலைக்கு அவரை மாற்றி உத்தரவும் வந்தது. யார் சொல்லி வந்தது என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

போவதற்கு முந்தின சந்தை நாளும் அவர் கல்லில் இருந்தார். காரியக்காரர் குடையோடு வாசலிலிருந்து இறங்கி வந்தார்.

"பேச்சிப்பாறைக்காமே. நல்ல காடு, நல்ல காய்ச்சல். நீரு போன பொறவு இந்தக் கல்லுல காக்காதான் இருக்கும்."

"காக்கா இருந்தாலும் கல்லு ஒண்ணும் சொல்லாது."

அப்போது பூங்கனி வளைவில் ஏறி வந்தாள். நனைந்திருந்தாள். கூடை நிறையச் சாளை. தண்ணீர் கூடையிலிருந்து அவள் முகத்தில் வழிந்தது. மேல்பாளத்தில் கூடையைத் தள்ளினாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதும்போல.

ரசலையன் பாளத்தில் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார். அவளைப் பார்க்கவில்லை.

பூங்கனி காரியக்காரரைப் பார்த்தாள். காலியான பாதிக் கல்லைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கல்லின் ஈரத்தைத் துடைத்தாள். உட்கார்ந்தாள்.

"ஏட்டி பூங்கனி, எழும்பு."

"கால் கடுக்கு."

"எழும்புன்னு சொன்னேன்."

"அன்னைக்கு அவளை இருக்காதேன்னு சொன்ன வாயி இது," என்றாள் பூங்கனி. எழுந்திருக்கவில்லை. "ஒமக்குப் பயந்து சொன்னேன். நீரு ஒரு வார்த்தை பேசல்ல, வாசல்ல சும்மாதான் நின்னீரு. அதுக்கே பயந்தேன். இப்போ நான் கல்லுல இருக்கல்ல ஏமானே. தங்கபாய்க்க மடியில இருக்கேன். எழுப்பணும்னா அவகிட்டச் சொல்லும்."

"ஏட்டி, நாக்கு நீளுதே?"

"சூலியாட்டுச் செத்தவளுக்க கல்லை வாய்க்கால்ல தள்ளினவருக்கு என் நாக்கு என்ன செய்யும்? ஒமக்க மக பேறுக்கு வந்திருக்காளாமே. மாசம் எத்தர?"

காரியக்காரரின் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பக்கத்தில் வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளை பிள்ளைத்தாய்ச்சிகளைப் பிடிக்கும் இசக்கிப் பேய் என்று நினைத்துப் பயப்படாதவர்கள் குறைவு. அவர் மேல்பாளத்தைப் பார்த்தார். அதில் கூடை சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வாசலுக்குள் போய்விட்டார்.

ரசலையனுக்கு அது பிடிக்கவில்லை.

"அவளைப் பேயாக்காதே, பூங்கனி."

"பேயாட்டு இருந்தா என்ன அண்ணே? இவியளுக்கு வேற எதுக்குப் பயம்?"

அவர் வேண்டியது அதை அல்ல. தங்கபாய் மனுஷியாக இருந்தாள் என்பதற்காகவே அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். கிடைத்தது வேறு வழியில். ஆனால் பின்னால் வந்த கருப்பட்டிக்காரி, பூங்கனி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சுமையைத் தள்ளிவிட்டு, "கொஞ்சம் நீங்குட்டி" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, மூன்றாவது ஆளுக்கு இடமில்லாமல் போனது. ரசலையன் எழுந்து இடம் கொடுத்தார். அவர்கள் தங்கபாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அவள் கருவாடு சுட்டால் தெரு முழுக்க எப்படிச் சண்டை வரும் என்பதைப் பற்றி. அவர் மழையில் நின்று கேட்டார்.

பேச்சிப்பாறையில் பல வருஷம் வேலை பார்த்தார். மதகு, வாய்க்கால் கரை, காட்டுப் பாதை. கூலியாட்களை அவர் தலை எண்ணி நிறுத்துவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவார். நேரம் பிடிக்கிறது என்று மேலே உள்ளவர்கள் குறைப்பட்டார்கள். பேப்பர் படிக்கிறவர் யாரைக் கண்டாலும், "கொஹிமா பத்தி எதாவது போட்டிருக்கா?" என்று கேட்பார். பெரும்பாலும் இருக்காது. ஒருமுறை, புதுச் சட்டத்தில் அந்த மலையை விலக்கப்பட்ட பகுதி என்று தனியே வைக்கப்போவதாகச் செய்தி வந்தது. படித்துச் சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்.

"விட்டிருக்கானா, பூட்டியிருக்கானா?" என்றார்.

படித்தவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நெய்சேலிக்குத் தெரிந்திருக்கும் என்றார் ரசலையன். அப்புறம் மதகைப் பார்க்கப் போய்விட்டார்.

கோயில் கதவுகள் எல்லாருக்கும் திறந்த மறுவருஷம், 1937இல், மலைக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. காரியக்காரர் சொன்ன காய்ச்சல்தான். செய்யது அலியின் வண்டியில் பெட்டி சந்தை வரை வந்தது. "கருவாட்டு வண்டிதான் மக்கா, பொறுத்துக்கோ" என்று அவர் பெட்டியிடம் சொன்னார். வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். சந்தையிலிருந்து தோளில் எடுத்தார்கள். மகள் ஜெயபாய் பின்னால் நடந்தாள்.

கனமான பெட்டி. மழை பெய்த சாலை. மேலவீட்டு வளைவு வந்ததும் சுமந்தவர்களுக்கு மூச்சு முட்டியது. சுமைதாங்கிக்குப் பக்கத்தில் நின்றார்கள். சவப்பெட்டியை அதில் வைக்கலாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"அவரு வச்ச கல்லுதானே," என்றாள் பூங்கனி. "வையிங்க."

பெட்டியை மேல்பாளத்தில் நீளவாக்கில் வைத்தார்கள். சரியாக இருந்தது. ஆட்கள் கீழே பாளத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். இடம் போதாதவர்கள் மதிலோரம் உட்கார்ந்தார்கள்.

மேலவீட்டு வாசல் திறந்தது. தாணுமாலயன் வெளியே வந்து நின்றார். முடி நரைத்திருந்தது. இளைஞன் ஒருவன் பழக்கத்தில் எழுந்திருக்கப் போனான்.

"இருலே," என்றாள் பூங்கனி.

அவன் உட்கார்ந்தான். தாணுமாலயன் மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். பெட்டி மறுபடி தோளுக்கு ஏறும்வரை நின்றுகொண்டே இருந்தார்.